லாப்ரடாரா, ஷெப்பர்டா? பெரிய நாயைத் தேர்வதில் இனப்பெயர் எவ்வளவு சொல்கிறது

பெரிய நாய் ஒன்றை வளர்ப்பது என்று ஒரு குடும்பம் முடிவு செய்ததும் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: லாப்ரடாரா, ஜெர்மன் ஷெப்பர்டா? இதற்கு வழிவழியாக வந்த விடையும் உண்டு. காவலுக்கு ஷெப்பர்டு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு லேப். பக்கத்து வீட்டுக்காரர் முதல் குட்டி விற்பவர் வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

இந்த விடைக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நாயின் குணத்தை அதன் இனம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பது முதலாவது. அந்த இனத்தின் உடல் என்னென்ன நோய்களைச் சுமந்து வருகிறது என்பது இரண்டாவது. நம் வீடும் ஊரும் நேரமும் அந்த நாய்க்கு எவ்வளவு பொருந்தும் என்பது மூன்றாவது. முதல் கேள்வி நூறாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டும் முழுமையாக முடியவில்லை. இரண்டாவதற்கு ஓரளவு உறுதியான சான்றுகள் உள்ளன. மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. ஒரு பெரிய நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு வாழப்போகும் உயிர் என்பதால், மூன்றையும் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இரண்டு இனங்கள், இரண்டு வேலைகள்

ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு தனிமனிதரின் திட்டத்திலிருந்து உருவான இனம். ஜெர்மனியின் முன்னாள் குதிரைப்படை அதிகாரி மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் 1899-இல் ஒரு கண்காட்சியில் கண்ட மேய்ச்சல் நாயை வாங்கி, அதற்கு ஹோராண்ட் வான் கிராஃப்ராத் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் இந்த இனத்துக்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். ஆட்டு மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லை காப்பதே அந்த நாயின் அன்றாட வேலை. மேய்ச்சல் தொழில் சுருங்கியபோது, வேலைத்திறனே இனத்தின் உயிர் என்று நம்பிய ஸ்டெஃபானிட்ஸ் அதைக் காவல்துறைக்கும் இராணுவத்துக்கும் திருப்பிவிட்டார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் என்ற சொல்லைத் தவிர்க்க விரும்பிய பிரிட்டன் இதற்கு அல்சேஷன் என்று பெயர் வைத்தது. அங்கே 1977-இல்தான் பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. தமிழ்நாட்டில் அல்சேஷன் என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

லாப்ரடாரின் வேர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் இருக்கிறது. மீனவர்களுடன் படகில் சென்று, வலையிலிருந்து நழுவிய மீனையும் தண்ணீரில் விழுந்த கயிற்றையும் எடுத்து வந்த நாய்களின் வழித்தோன்றல் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்கள், குறிப்பாக மாம்ஸ்பரி, பக்ளூ குடும்பங்கள், இவற்றைத் தம் பண்ணைகளில் வளர்த்து, சுட்டு வீழ்த்திய பறவைகளைச் சேதமின்றிக் கொண்டுவரும் வேட்டைத் துணையாக்கின. பிரிட்டனின் கெனல் கிளப் 1903-இல் இதைத் தனி இனமாக ஏற்றது. அமெரிக்காவில் 1991 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவுப் பட்டியலின் முதலிடத்தில் இருந்த இனம் இதுவே.

உருவத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆண் ஷெப்பர்டு 30 முதல் 40 கிலோ வரையும், ஆண் லேப் ஏறக்குறைய 29 முதல் 36 கிலோ வரையும் எடை கொண்டவை. ஷெப்பர்டு சற்று உயரம். லேப் சற்றுக் கட்டை, அகலம். ஒன்று எல்லையைக் காக்கவும், அந்நியரைக் கவனிக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொன்று மனிதர் கைகாட்டிய இடத்துக்கு ஓடி, எடுத்ததைக் கொண்டுவந்து ஒப்படைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்த இரண்டு வேலைகளின் தடம் இன்றைய வீட்டு நாயிடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

முதல் நிலைப்பாடு: இனமே குணம்

இனத்தைச் சொன்னால் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற கருத்துக்கு முதல் ஆதாரம் இனச் சங்கங்கள் எழுதிவைத்த இலக்கணங்கள். அவை உடல் அளவுகளோடு குணத்தையும் வரையறுத்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கருத்துக்கு எண்கள் சேர்ந்தன. அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர்கள் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் இருவரும் 1980-களில் கால்நடை மருத்துவர்களையும் நாய்ப் பயிற்சிப் போட்டிகளின் நடுவர்களையும் கேட்டு, 56 இனங்களை 13 பண்புகளின் அடிப்படையில் வரிசைப்படுத்தினார்கள். இரண்டு இனங்களுமே பயிற்சிக்கு எளிதில் வசப்படுபவை என்ற குழுக்களில் இடம்பெற்றன. ஷெப்பர்டு எல்லை காக்கும் மூர்க்கத்தில் உயர்ந்த குழுவிலும், லேப் மூர்க்கம் குறைந்த குழுவிலும் விழுந்தன.

கனடாவின் உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-இல் வெளியிட்ட நூல் இதைவிடப் புகழ் பெற்றது. ஏறக்குறைய 200 போட்டி நடுவர்களின் மதிப்பீட்டைத் தொகுத்து அவர் தந்த கீழ்ப்படிதல் வரிசையில் ஷெப்பர்டு மூன்றாம் இடத்தையும் லேப் ஏழாம் இடத்தையும் பெற்றன. குட்டி விற்பனை விளம்பரங்களில் இன்றும் அந்த எண்கள் தென்படுகின்றன.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அனுபவத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நாய்களைக் கையாண்டவர்களின் கூட்டு மதிப்பீட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. நிபுணர்கள் சொன்னது நாய்களை நேரடியாக அளந்து பெற்ற முடிவு அன்று. இனத்தைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே கொண்டிருந்த எண்ணம் விடையில் கலந்திருக்கலாம். போட்டி நடுவர்கள் பார்ப்பவை பெரும்பாலும் தேர்ந்த பயிற்சி பெற்ற நாய்கள். கேட்டருகே சங்கிலியில் கிடக்கும் நாய்களை அவர்கள் பார்ப்பதில்லை. கோரன் அளந்ததும் கட்டளையைக் கற்று நிறைவேற்றும் வேகத்தைத்தான். குழந்தை காதைப் பிடித்து இழுக்கும்போது நாய் என்ன செய்யும் என்பதற்கு அதில் விடை இல்லை.

இரண்டாம் நிலைப்பாடு: வளர்ப்பே எல்லாம்

எதிர்த்திசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரின் ஆய்வைத் தொட்டே பேசுகிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்த இவர்கள், தம் முடிவுகளை 1965-இல் நூலாக வெளியிட்டனர். குட்டியின் மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே அது மனிதரையும் உலகையும் ஏற்கக் கற்றுக்கொள்ளும் பருவம் என்பது இவர்களது முக்கியமான கண்டுபிடிப்பு. அந்தப் பருவத்தில் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பின்னாளில் மனிதரைக் கண்டு அஞ்சின. அந்த அச்சத்தைப் போக்குவது கடினமாக இருந்தது.

கெட்ட நாய் என்று ஒன்று இல்லை, கெட்ட வளர்ப்புதான் உண்டு என்ற கூற்றுக்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் ஸ்காட்டும் ஃபுல்லரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரே சூழலில் வளர்த்தும் இனங்களுக்கு இடையே வேறுபாடுகள் தெரிந்தன என்பதையும், ஒரே இனத்துக்குள்ளும் நாய்க்கு நாய் பெரிய வேறுபாடு இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்தே பதிவு செய்தார்கள். அவர்கள் ஆராய்ந்த ஐந்து இனங்களில் லேபும் இல்லை, ஷெப்பர்டும் இல்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இந்த ஆய்வின் பயன் பெரிது. இந்தியாவில் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் முப்பது, நாற்பது நாள் குட்டிகள் கைமாறுவது இன்னும் நடக்கிறது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கடியின் அளவைக் கற்கும் வாரங்களை அந்தக் குட்டி இழக்கிறது. பிறகு, தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை வெளியே காட்டக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்தால், மீதிப் பருவமும் போய்விடுகிறது. பார்வோ நோயின் ஆபத்து உண்மையானது. ஆனாலும் முதல் தடுப்பூசிகளைப் போட்டபின் தெருநாய்கள் புழங்காத இடங்களில், தூக்கிக்கொண்டாவது, குட்டிக்கு வெளியுலகைக் காட்டத் தொடங்க வேண்டும் என்பதே அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. அந்நியரை இயல்பாகவே உற்றுக் கவனிக்கும் ஷெப்பர்டு குட்டிக்கு இது இன்னும் அவசியம் என்று பயிற்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மூன்றாம் நிலைப்பாடு: சராசரி வேறு, தனி நாய் வேறு

கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பெரிய அளவிலான ஆய்வுகள் இந்த இரண்டு நிலைப்பாடுகளையும் திருத்தியிருக்கின்றன. சுவீடனில் நாய்களுக்குப் பொதுவாக நடத்தப்படும் ஒரு நடத்தைச் சோதனையில் கலந்துகொண்ட 31 இனங்களைச் சேர்ந்த 13,000-க்கும் மேற்பட்ட நாய்களின் முடிவுகளைக் கென்த் ஸ்வார்ட்பெர்க் 2006-இல் ஆராய்ந்தார். இனங்களுக்கு இடையே வேறுபாடு இருந்தது. ஆனால் அது இனத்தின் பழைய தொழிலோடு ஒட்டிப்போகவில்லை. அண்மைத் தலைமுறைகளில் அந்த இனம் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது, கண்காட்சிக்கா வேலைக்கா என்பதோடுதான் ஒட்டிப்போனது. பிரிட்டனில் லாப்ரடார்களை மட்டும் ஆராய்ந்தவர்களும் வேட்டை வேலைக்கான வழியில் வந்த லேபுகளுக்கும் கண்காட்சி வழியில் வந்தவற்றுக்கும் நடத்தையில் வேறுபாடு கண்டார்கள். ஆகவே லேப் என்ற ஒரே சொல்லுக்குக் கீழே குறைந்தது இரண்டு வகை நாய்கள் இருக்கின்றன. ஷெப்பர்டிலும் வேலைவழி, கண்காட்சிவழி என்ற பிரிவு இதைவிடக் கூர்மையானது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செர்பெல் உருவாக்கிய கேள்விப்பட்டியல்வழி திரட்டிய 14,000-க்கும் மேற்பட்ட நாய்களின் தரவுகளை மரபணுத் தகவலோடு ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு, பயிற்சிக்கு வசப்படுதல், அந்நியரிடம் மூர்க்கம் போன்றவற்றில் இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு கணிசமானது என்று சொன்னது. மூன்றாண்டு கழித்து ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறொரு திசையைக் காட்டியது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த விடைகளையும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதிகளையும் ஆராய்ந்த அந்தக் குழு, தனி நாய்களுக்கு இடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்குகிறது என்றது. கட்டளைக்கு இசையும் பண்பில் இனத்தின் பங்கு ஒப்பீட்டளவில் அதிகம். எதற்கு எளிதில் சீறும் என்பதில் மிகக் குறைவு. லாப்ரடார் கலப்புள்ள நாய்கள் மனிதரிடம் கூடுதலாக ஒட்டிப்பழகும் என்ற எதிர்பார்ப்பையும் அந்தத் தரவு உறுதிப்படுத்தவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளும் மோதுவதுபோலத் தோன்றினாலும் அவை கேட்ட கேள்விகள் வேறு. முதலாவது இனச் சராசரிகளை ஒப்பிட்டது. இரண்டாவது தனி நாய்களை. நூறு ஷெப்பர்டுகளையும் நூறு லேபுகளையும் பக்கத்தில் நிறுத்தினால் சராசரி வேறுபாடு தெரியலாம். அந்த நூறிலிருந்து ஒன்றை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது அது எப்படி இருக்கும் என்பதைச் சராசரி உறுதியாகச் சொல்லாது. இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான குறையும் உண்டு: விடை தந்தவர்கள் உரிமையாளர்கள். தம் நாயின் இனத்தைப் பற்றி அவர்கள் கொண்ட நம்பிக்கை விடையில் ஏறியிருக்க வாய்ப்புண்டு.

உடல் சொல்வது

குணத்தைவிட உடலைப் பற்றி இனப்பெயர் தெளிவாகப் பேசுகிறது. பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைத் தொகுக்கும் வெட்காம்பஸ் திட்டத்தின் ஆய்வுகள் இதற்கு நல்ல ஆதாரம். அவற்றில் ஷெப்பர்டின் இடைநிலை ஆயுள் 10.3 ஆண்டு, லேபின் இடைநிலை ஆயுள் 12 ஆண்டு. லேபுகளிலும் சாக்லேட் நிறம் கொண்டவை 10.7 ஆண்டே வாழ்ந்தன. நிறம் நேரடிக் காரணமா, அந்த நிறத்துக்காகக் குறுகிய வட்டத்தில் இனப்பெருக்கம் செய்ததன் பின்விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஷெப்பர்டின் இறப்புக்கு முதன்மைக் காரணங்களாகப் பதிவானவை எலும்பு, மூட்டு, தசை நோய்களும், எழுந்து நிற்க இயலாமையும்தான். பின்னிடுப்பு மூட்டுக் குழி சரியாகப் பொருந்தாத குறை இரண்டு இனங்களிலும் உண்டு. ஷெப்பர்டில் இதோடு, எட்டு வயதுக்குப் பிறகு பின்னங்கால்களை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் தண்டுவட நோயும் சேர்கிறது. அதற்குத் தொடர்புடைய மரபணு மாற்றம் 2009-இல் கண்டறியப்பட்டது, சோதனையும் உண்டு. ஆனால் அந்த மாற்றத்தின் இரு பிரதிகளும் உள்ள எல்லா நாய்களுக்கும் நோய் வருவதில்லை. கணையம் செரிமான நீரைச் சுரக்காமல் போகும் குறையும், ஆழமான மார்பு கொண்ட நாய்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிராபத்தான நிலையும் ஷெப்பர்டில் கவனிக்க வேண்டியவை. கண்காட்சிகளில் பரிசு பெற்ற சரிந்த முதுகு நடையைப் பாதிக்கிறதா என்ற சர்ச்சை 2016-இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் வெடித்தது. முதுகின் சரிவுக்கும் மூட்டு நோய்க்கும் நேரடித் தொடர்பு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எனினும் வீட்டுக்கென்று வாங்குபவர் நிமிர்ந்த முதுகும் இயல்பான நடையும் கொண்ட பெற்றோரின் குட்டியைத் தேர்வதில் இழப்பு ஏதுமில்லை.

லேபின் பெரிய எதிரி சாப்பாடு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் பசியை அடக்கும் சமிக்ஞையோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் ஏற்பட்ட குறையை லேபுகளில் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லேபுக்கு அது இருந்தது. அந்த நாய்களுக்கு உணவு நாட்டமும் எடையும் கூடுதல். துணைநாய்களாகப் பயிற்சி பெற்ற லேபுகளில் இந்த மாற்றம் இன்னும் பரவலாக இருந்தது. தின்பண்டத்துக்காகக் கற்கும் ஆர்வமே அவற்றைத் தேர்ந்தெடுக்கச் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அப்படியானால், எளிதில் பயிற்றுவிக்கலாம் என்ற லேபின் புகழும் எளிதில் பருத்துவிடும் என்ற அதன் குறையும் ஒரே வேரிலிருந்து வருபவை.

இதன் விலையை அமெரிக்காவில் 14 ஆண்டுகள் நடந்த ஒரு சோதனை காட்டியது. 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவான உணவு தந்தார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குப் பிந்தியே வந்தது. இனத்தைத் தேர்வதால் கிடைக்கும் ஆயுள் வித்தியாசத்துக்கு நிகரானதைத் தட்டில் வைக்கும் சோற்றின் அளவு தருகிறது. சுமார் 30 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு 1,400 கிலோ கலோரி அளவில் போதும். வீட்டில் ஆளுக்கொருவர் பிஸ்கட்டும் பால்சோறும் தந்தால் அந்தக் கணக்கு மதியத்துக்குள் தாண்டிவிடும்.

வளரும் பருவத்திலும் கவனம் வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மருந்தை அள்ளிக்கொடுப்பது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். நார்வேயில் லாப்ரடார் உட்பட நான்கு பெரிய இனங்களில் நடந்த ஆய்வு, முதல் மூன்று மாதங்களில் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் குறை கூடுதலாகவும், மென்மையான தரையில் கட்டின்றி ஓடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்ததைக் கண்டது. ஷெப்பர்டு அந்த ஆய்வில் இல்லை. ஆயினும் வழுக்கும் டைல்ஸ் தரையும் மாடிப்படியும் உள்ள வீடுகளில் எந்தப் பெரிய இனக் குட்டிக்கும் இது பொருந்தும் என எதிர்பார்க்கலாம். கருத்தடை அறுவையின் வயதும் இதைப் போன்றதே. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு, ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த ஷெப்பர்டுகளில் மூட்டு நோய் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்ததைக் காட்டியது. லேபில் அந்த ஏற்றம் அவ்வளவு இல்லை. எப்போது செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரோடு பேசி முடிவு செய்வது நல்லது.

வெப்பமும் உண்ணியும்

இதுவரை சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் நடந்தவை. இரண்டு இனங்களுக்கும் உள்ளடுக்கும் மேலடுக்கும் கொண்ட மயிர்ப்போர்வை உண்டு; இரண்டும் ஆண்டு முழுக்க மயிர் உதிர்க்கும். நீள மயிர் ஷெப்பர்டை டபுள் கோட் என்று கூடுதல் விலைக்கு விற்பது சந்தையில் வழக்கம். தமிழ்நாட்டின் சித்திரை வெயிலில் அந்த நீள மயிர் பராமரிப்புச் சுமையைக் கூட்டுகிறது.

வெப்பத்தைத் தாங்குவதில் எது மேல் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. பருத்த நாய் எந்த இனமானாலும் வெப்பத் தாக்கத்துக்கு எளிதில் ஆளாகும். பருக்கும் நாட்டம் லேபில் அதிகம். முதிய லேபுகளில் குரல்வளைத் தசை தளர்ந்து மூச்சு தடைபடும் நோயும் உண்டு. வெயில் அதை மோசமாக்கும். சில லேபுகளுக்குக் கடுமையாக ஓடியபின் கால் தளர்ந்து சரியும் மரபுக்குறை இருக்கிறது. விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே நடத்திச் செல்வது, பகலில் நிழலும் தண்ணீரும் காற்றோட்டமும் தருவது ஆகியவை இரண்டுக்கும் பொது.

உண்ணி விஷயத்தில் ஷெப்பர்டுக்கு எதிரான சான்று தெளிவானது. வியட்நாம் போரில் 1968 முதல் 1970 வரையான காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் 200-க்கும் மேற்பட்ட நாய்கள், உடலில் இரத்த அணுக்கள் வற்றிப்போகும் ஒரு நோயால் இறந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஷெப்பர்டுகள். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவே காரணம். பீகிள் நாய்களோடு ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வுகள், இந்தக் கிருமிக்கு எதிரான ஷெப்பர்டின் நோயெதிர்ப்பு பலவீனமானது என்று காட்டின. நம் ஊர்களில் உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கும் நோய்களில் இது முக்கியமானது. சுவர் இடுக்கிலும் கூண்டுப் பலகையிலும் ஆண்டு முழுவதும் பெருகும் உண்ணிக்கு எதிராக மாதந்தவறாத தடுப்பு மருந்து எந்த நாய்க்கும் தேவை. ஷெப்பர்டுக்கு அதில் தவறுவதற்கு இடமே இல்லை. பிரிட்டன் எண்களில் இந்தச் சுமை சேரவில்லை என்பதால், நம் மண்ணில் இரண்டின் ஆயுள் இடைவெளி வேறாக இருக்கக்கூடும்.

காவல், கடி, குழந்தை

காவல் என்ற சொல்லால் மக்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு: ஆள் வந்தால் குரைக்க வேண்டும்; உருவத்தைக் கண்டு திருடன் தயங்க வேண்டும். இந்த இரண்டையும் ஷெப்பர்டு இயல்பாகச் செய்யும். லேபும் குரைக்கும், ஆனால் அந்நியரைத் தடுத்து நிற்கும் என்று அதை நம்பி வாங்குவது பொருத்தமில்லை. இதைத் தாண்டி, ஆளைத் தாக்கும் காவல் என்பது தேர்ந்த பயிற்சியாளர் துணையோடு காவல்துறையும் இராணுவமும் செய்யும் வேலை. வீட்டில் அரைகுறையாக ஏவிப் பழக்குவது நாய்க்கும் வீட்டாருக்கும் ஆபத்து.

கடியைப் பற்றிய விவாதத்தில் இனப் பட்டியல்கள் எளிதில் முன்வருகின்றன. மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையில் லேபோ ஷெப்பர்டோ இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையையே ரத்து செய்தது. கடி எண்ணிக்கைப் பட்டியல்களின் அடிப்படைச் சிக்கல், ஊரில் எந்த இனம் அதிகமோ அதன் பெயரே அதிகம் வரும் என்பது. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்க்கடியால் நேர்ந்த 256 மரணங்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பான்மை நிகழ்வுகளில் இனத்தை நம்பத்தக்க வகையில் அடையாளம் காணவே முடியவில்லை என்றார்கள். மாறாகத் திரும்பத் திரும்பத் தென்பட்டவை வேறு: தடுக்கக்கூடிய பெரியவர் அருகில் இல்லாமை, நாய்க்கு அறிமுகமில்லாத ஆள், கருத்தடை செய்யாத நாய், மனிதரோடு அன்றாடம் பழகவிடாமல் ஒதுக்கி வைத்த நாய். கடைசியாகச் சொன்னது நமக்கு மிக முக்கியமானது. பகல் முழுவதும் கூண்டில் அடைத்து, இரவில் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடும் பழக்கம், காவலின் பெயரால் அந்த ஆபத்தையே வளர்க்கிறது. சமூக உறவுக்கென்றே உருவான ஓர் உயிருக்கு அது கொடுமையும்கூட.

குழந்தைகள் விஷயத்தில், லேப் என்பதால் தனியாக விடலாம் என்ற நம்பிக்கையே கவலை தருவது. சிறு குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் வீட்டிலேயே தெரிந்த நாய். அதுவும் அது உண்ணும்போதோ உறங்கும்போதோ நெருங்குகையில். முப்பது கிலோ எடையுள்ள விளையாட்டு லேப் அன்பால் தாவினாலே மூன்று வயதுக் குழந்தையோ முதிய பாட்டியோ விழுந்துவிடலாம். எந்த இனமானாலும் கண்காணிப்பு தேவை.

நான்காம் குரல்: இந்த இரண்டுமே ஏன்?

அண்மைக் காலத்தில் இன்னொரு நிலைப்பாடு வலுத்திருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் மண்ணின் இனங்கள் இருக்க வெளிநாட்டு இனம் எதற்கு என்பது அதன் வாதம். சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை உள்நாட்டு இனங்களுக்கென ஓர் இனப்பெருக்கப் பிரிவை நடத்துகிறது. பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் இந்த இனங்களைப் பெயர்சொல்லிப் பரிந்துரைத்தார். குட்டை மயிரும் வெப்பப் பழக்கமும் இவற்றுக்குச் சாதகம். ஆனால் வேட்டைக்கென உருவான ஓட்ட நாய்கள் இடமும் ஓட்டமும் கேட்பவை. அடுக்குமாடியில் அவை எளிதான மாற்று அல்ல. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் கவனிக்க வேண்டியது. தெருநாய்க் குட்டியைத் தத்தெடுப்பது இன்னொரு வழி. பெரிய உருவம் மட்டுமே தேவை என்றில்லாத வீட்டுக்கு அது பல வகையில் பொருந்தும்.

மதிப்பீடு

சான்றுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், பழைய விடை முழுப் பிழையும் அன்று, முழு உண்மையும் அன்று. முதன்முறையாகப் பெரிய நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு, விருந்தினர் வரத்துப் போக்கு மிகுந்த வீட்டுக்கு, லேப் சற்றுக் கூடுதலாக இடம் கொடுக்கும் தேர்வு என்று சொல்ல நியாயம் உண்டு. சாப்பாட்டில் கட்டுப்பாடு வைக்க முடியாத வீட்டில் அந்தச் சாதகம் கரைந்துவிடும். தினமும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கும், உண்ணித் தடுப்பில் தவறாத, முதுமையில் பின்னங்கால் தளர்ந்தால் தூக்கிச் சுமக்கத் தயாரான ஒருவர் உள்ள வீட்டுக்கு ஷெப்பர்டு அரிய துணை. கேட்டருகே கட்டிவைக்கத்தான் நாய் வேண்டும் என்றால், இரண்டுமே தவறான தேர்வு.

இனத்தைவிடக் கூடுதலாகச் சொல்பவை பெற்றோர் நாய்கள். தாயை நேரில் பார்ப்பது, அது அந்நியரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிப்பது, இரு பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே முடிவைக் கேட்பது, எட்டு வாரம்வரை குட்டி மனிதரிடையே வளர்ந்ததா என்று விசாரிப்பது ஆகியவை எந்த வரிசைப் பட்டியலையும்விடப் பயனுள்ளவை. பதிவுச் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், நலத்தைச் சொல்லாது.

தீராத கேள்விகளும் சில உண்டு. இனச் சராசரி ஒரு தனி நாயின் எதிர்காலத்தை எவ்வளவு முன்னறிவிக்கும் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. உரிமையாளரின் விடைகளுக்குப் பதில் நேரடிச் சோதனைகள் பெருகினால் 9 விழுக்காடு என்ற எண் ஏறலாம், இறங்கலாம். கருத்தடைக்கு உகந்த வயது, லேபின் நிறத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு ஆகியவை விவாதத்தில் உள்ளன. குளிர்நாட்டு எண்களை வெப்ப நாட்டு வீடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதால், நம் கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகள் தொகுக்கப்பட்டால் இந்த விவாதம் வெகுவாகத் தெளிவடையும். அதுவரை, எந்த இனம் நல்லது என்பதற்கு முன்பாக, எந்த இனத்தின் சுமையைப் பன்னிரண்டு ஆண்டுகள் முறையாகச் சுமக்க நம்மால் முடியும் என்று கேட்பதே பொறுப்பான தொடக்கம்.